பழைய கேம்பர் வேனில் இரண்டாவது பேட்டரி: வாங்கும் முன் அது எப்படி நிரம்பும் என்று பாருங்கள்

பழைய டிராவலரையோ வேனையோ வாங்கி, பின்னால் கட்டில் போட்டு, சின்ன அடுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு கம்பம், கூடலூர் பக்கமிருந்து குமுளி, வண்டிப்பெரியார், வாகமண் என்று கிளம்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் முதலில் வரும் தொல்லை ஒன்றுதான். ராத்திரி ஃபேன், லைட், போன் சார்ஜ் எல்லாம் வண்டியின் ஒரே பேட்டரியில் ஓடுகிறது, காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் டிக் டிக் என்று அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. சரி, இன்னொரு பேட்டரி போட்டுவிடலாம் என்று கடைக்குப் போனதும் வாயில் வருகிற கேள்வி ‘எத்தனை ஏ.எச். போடலாம்?’ என்பது (ஏ.எச். என்றால் ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு). அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அந்த பேட்டரி தினமும் எங்கிருந்து, எத்தனை மணி நேரத்தில், எந்த வோல்டேஜில் நிரம்பப் போகிறது என்பதை முதலில் கேளுங்கள். இதற்கு விடை இல்லாமல் 200 ஏ.எச். வாங்கி வைத்தாலும் அது பாதி வயிற்றோடு கிடந்தே சீக்கிரம் கெட்டுப்போகும்.

கீழே எழுதியிருப்பது 12 வோல்ட் டீசல் வண்டிக்கு. பெரிய பஸ், லாரி வகையில் மாற்றிய வண்டி என்றால் அது பெரும்பாலும் 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி சீரியஸில் (ஒன்றோடு ஒன்று தொடராக) இருக்கும். அதில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து லைட்டும் ஃபேனும் ஓட்டுகிற பழக்கம் பல ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது. செய்யவே கூடாது. ஒன்று காலியாகிக்கொண்டே போகும், இன்னொன்று ஓவர்சார்ஜ் ஆகும், இரண்டும் சேர்ந்து கெடும். 24 வோல்ட் வண்டிக்கு 24-ஐ 12 ஆக்கித் தருகிற டிசி-டிசி சார்ஜர் வேண்டும், அது தனிக் கதை.

முதலில் கணக்கு

ஒரு ராத்திரிக்கு என்ன ஓடும் என்று தாளில் எழுதுங்கள். இரண்டு பேர் தூங்குகிற வேன் என்று வைப்போம். 12 வோல்ட் டிசி ஃபேன் 25 வாட், 9 மணி நேரம் ஓடினால் 225 வாட் மணி. 5 வாட் எல்இடி இரண்டு, 4 மணி நேரம், 40. போன் இரண்டுக்கும் சேர்த்து 30. தண்ணீர் பம்ப் 60 வாட், மொத்தமே பத்து நிமிஷம்தான் ஓடும், 10. ஆக 305 வாட் மணி, 12-ஆல் வகுத்தால் சுமார் 25 ஏ.எச். இவ்வளவுதான் தேவை என்பதைப் பார்த்துப் பலர் ஆச்சரியப்படுவார்கள்.

ஃபிரிட்ஜ் வந்தால் கணக்கு மாறும். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 வாட் மாதிரி எடுக்கும், ஆனால் விட்டு விட்டு ஓடும். நாளுக்கு 9 மணி நேரம் மோட்டார் ஓடுகிறது என்று வைத்தால் 400 வாட் மணி, அதாவது இன்னொரு 33 ஏ.எச். கம்பத்து வெயிலில் நிறுத்தினால் இன்னும் அதிக நேரம் ஓடும், குமுளிக் குளிரில் குறையும். எல்லாம் சேர்த்து நாளுக்கு 60 ஏ.எச். என்று வைத்துக்கொள்ளலாம்.

சமையலை இதில் சேர்க்காதீர்கள். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் இழுக்கும், 12 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 170 ஆம்பியர், இன்வெர்ட்டர் நஷ்டமும் சேர்ந்தால் 190-ஐத் தொடும். இந்த அளவு வண்டியில் அதைத் தாங்கும் வயர், ஃப்யூஸ், பேட்டரி எல்லாமே வேறு விலை. கேஸ் அடுப்பு போதும். இன்வெர்ட்டரையே கூட முடிந்தவரை தவிர்த்து ஃபேன், லைட், சார்ஜர் எல்லாவற்றையும் 12 வோல்ட்டிலேயே வாங்குங்கள். சும்மா ஆன் செய்து வைத்திருக்கும் இன்வெர்ட்டர் ஒன்றுமே ஓடாதபோதும் ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

எந்த பேட்டரி

வண்டியோடு வந்த ஸ்டார்ட்டிங் பேட்டரி மாதிரியே இன்னொன்றைப் பின்னால் வைப்பது வீண் செலவு. அதன் பிளேட்டுகள் மெலிசு. சில விநாடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிட்டு உடனே நிரம்ப வேண்டும் என்பதற்காகச் செய்தது. ராத்திரி முழுக்க மெதுவாக இறங்கி அடுத்த நாள் ஏறுகிற வேலைக்கு டீப் சைக்கிள் வேண்டும்.

நம் பக்கம் எளிதில் கிடைப்பது வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர். தேனியிலோ கம்பத்திலோ அந்தப் பக்கம் கட்டப்பனையிலோ எந்த பேட்டரிக் கடையிலும் இருக்கும், விலையும் ஒப்பீட்டில் குறைவு, நன்றாகப் பார்த்துக்கொண்டால் உழைக்கும். ஆனால் 150 ஏ.எச். டியூபுலர் என்பது 50 கிலோவுக்கு மேல், உயரம் அதிகம், ஆசிட் தளும்பும். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறுகிற வளைவுகளில் அது சாயாமல் இருக்க வேண்டும், சார்ஜ் ஆகும்போது வருகிற ஹைட்ரஜன் வெளியே போக வேண்டும். இந்த இரண்டுக்கும் இடம் செய்ய முடிந்தால் தாராளமாக டியூபுலர் போடுங்கள். முடியாவிட்டால் சீல் செய்த விஆர்எல்ஏ அல்லது ஏஜிஎம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், தளும்பாது.

மேலே சொன்ன எல்லாமே லெட் ஆசிட் வகை. லெட் ஆசிட் எதுவாக இருந்தாலும் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. 60 ஏ.எச். வேண்டும் என்றால் 120-க்குக் குறையாமல் போட வேண்டும் என்பது இதனால்தான். லித்தியத்தில், அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில், 100 ஏ.எச். போட்டால் 80, 90 வரை எடுக்கலாம், எடை 12 கிலோ அளவில்தான், எத்தனையோ மடங்கு அதிகத் தடவை ஏற்றி இறக்கலாம். விலை கூட. அப்புறம் ஒன்று, 0 டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது. நம்ம ஊர்ப் பக்கம் அதெல்லாம் எங்கே என்று நினைக்க வேண்டாம், போடிமெட்டு ஏறி மூணாறு போனால் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்தில் உறைபனி படிகிற நாட்கள் உண்டு. குளிரில் சார்ஜைத் தானாக நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் உள் சர்க்யூட்) உள்ள பேட்டரியா என்று கேட்டு வாங்குங்கள், வண்டிக்கு வெளியே சேசிஸ் ஓரம் வைக்காமல் உள்ளே வையுங்கள்.

வண்டி எவ்வளவு தரும்

பழைய வண்டிக்கு இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. புது வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டர் டீசலை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் தருகிற ‘டைனமோ’) வோல்டேஜை ஏற்றி இறக்கும், இரண்டாவது பேட்டரிக்கு அது பெரிய தலைவலி. பழைய ஆல்டர்னேட்டர் அப்படி இல்லை, எஞ்சின் ஓடினால் ஒரே அளவாகத் தந்துகொண்டிருக்கும். ஆனால் தருகிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். எஞ்சினைக் கொஞ்சம் ரேஸ் செய்து வைத்து முன் பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் வைத்துப் பார்த்தால் 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்து ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டிலிருந்து பேட்டரி ப்ளஸ்ஸுக்கு மீட்டரை வையுங்கள், ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓடும்போது. அங்கே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் வயரோ டெர்மினலோ அரித்திருக்கிறது. மைனஸ் பக்கமும் இதேபோல, ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே. ‘டைனமோ நல்லாத்தான் சார்ஜ் போகுதுண்ணே’ என்று எலக்ட்ரீசியன் சொல்வது பெரும்பாலும் டேஷ்போர்டு லைட் அணைந்ததை வைத்துத்தான். லைட் அணைவது வேறு, 14.2 வருவது வேறு. இருபது வருஷ வண்டியில் இந்த வயரை மாற்றாமல் பின்னால் என்ன மாட்டினாலும் பலனில்லை.

ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர் என்பது அதன் தகட்டில் இருக்கும். 65 ஆம்பியர் என்று வைப்போம். மழையில் மலை ஏறும்போது ஹெட்லைட்டுக்கு 10, வைப்பருக்கு 5, ப்ளோவருக்கு 8 என்று 23 ஆம்பியர் வண்டிக்கே போய்விடும், சூடான ஆல்டர்னேட்டர் தகட்டில் போட்டதை முழுசாகத் தராது. ஆக இரண்டாவது பேட்டரிக்கு 25, 30 ஆம்பியர் என்று வைப்பதுதான் நியாயம்.

இப்போது பாருங்கள். கம்பத்திலிருந்து குமுளி 20 சொச்சம் கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். 25 ஆம்பியர் முழுசாகப் போனாலும் 25 ஏ.எச். கூட ஏறாது. முந்தின நாள் 60 செலவழித்திருந்தால் பாதிகூடத் திரும்பவில்லை. அதோடு லெட் ஆசிட் 80 சதவீதம் வரைதான் வேகமாக வாங்கும், கடைசி 20 சதவீதத்துக்கு 14.4 வோல்ட்டில் பல மணி நேரம் கேட்கும். அந்தக் கடைசிப் பகுதி நிரம்பாமலே நாள் கணக்கில் ஓட்டினால் பிளேட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் எந்த சார்ஜராலும் அதைக் கரைக்க முடியாது. ‘ரெண்டு வருஷம்கூட வரலை, டூப்ளிகேட் பேட்டரி’ என்று திட்டப்படுகிற பேட்டரிகளில் பல இப்படி அரைகுறையாக நிரம்பியே செத்தவை. எனவே மலையேறுவதற்கு முந்தின ராத்திரி வீட்டு பிளக்கில் 230 வோல்ட் சார்ஜர் போட்டு முழுசாக நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள். இந்த ஒரு சார்ஜரை எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்கச் சொல்வேன். 2021இல் கேரள அரசு ‘கேரவன் கேரளா’ என்று திட்டம் கொண்டுவந்த பிறகு வாகமண்ணில் கேரவன் பார்க் வந்திருக்கிறது, அப்படிப்பட்ட இடத்திலும் பிளக் கிடைக்கும்போது மாட்டிக்கொள்ளலாம்.

இரண்டையும் எப்படிச் சேர்ப்பது

எஞ்சின் ஓடும்போது இரண்டும் சேர வேண்டும், நின்றதும் பிரிய வேண்டும். இதற்கு டயோடு ஐசொலேட்டர் என்று ஒன்று விற்பார்கள், பழைய வழி, வேண்டாம். சாதாரண டயோடு 0.6, 0.7 வோல்ட்டைத் தானே தின்றுவிடும், 14.2 போய் 13.5 ஆகிவிட்டால் பின் பேட்டரி ஒருநாளும் முழுசாக நிரம்பாது.

லெட் ஆசிட்டுக்கு லெட் ஆசிட் என்றால் வோல்டேஜ் பார்த்துச் சேர்க்கும் ரிலே போதும். முன் பேட்டரி 13.3 வோல்ட் அளவுக்கு ஏறியதும், அதாவது எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்று தெரிந்ததும் சேர்க்கும், 12.8-க்கு இறங்கியதும் பிரிக்கும். சாவி லைனில் இருந்து சிக்னல் எடுத்துச் சாதாரண ரிலே போடுவதைவிட இது பல மடங்கு நல்லது. ஏன் என்றால் சாவி ஆன் ஆனதுமே இரண்டும் சேர்ந்துவிட்டால் செல்ஃப் அடிக்கும்போது பின் பேட்டரியிலிருந்தும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்தச் சின்ன வயர் வழியாக முன்னால் ஓடும், ஃப்யூஸ் போகும், இல்லையென்றால் வயர் போகும். சில எலக்ட்ரீசியன்கள் கையில் இருக்கும் ஹாரன் ரிலேயையோ செல்ஃப் சொலினாய்டையோ மாட்டித் தருவார்கள். ஹாரன் ரிலே 30, 40 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்காது. செல்ஃப் சொலினாய்டு சில விநாடி வேலைக்குச் செய்தது, மணிக்கணக்கில் பிடித்து வைத்தால் காயில் சூடாகி எரிந்துவிடும். 100 ஆம்பியருக்கு மேல், தொடர்ந்து ஓடத் தகுந்தது என்று எழுதியிருக்கிற ரிலேதான் வேண்டும்.

லித்தியம் என்றால் ரிலே வேண்டவே வேண்டாம், டிசி-டிசி சார்ஜர். லித்தியம் பேட்டரி சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட்டில் நிற்கும், அதைப் பார்த்து ரிலே எஞ்சின் ஓடுகிறது என்று நினைத்துப் பிரிக்காமலே விட்டுவிடும். இன்னொன்று, லித்தியம் கிடைத்த அளவு ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருக்கும், பழைய ஆல்டர்னேட்டர் சூட்டில் போய்விடும். 20 அல்லது 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் அதற்கு மேல் போகவிடாது, வருகிற வோல்டேஜ் 13 ஆக இருந்தாலும் 14.4 ஆக்கிக் கொடுக்கும். பேட்டரி வண்டியின் கடைசியில் இருந்தால் லெட் ஆசிட்டுக்கும் இதையே போடலாம், காசு இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 30 ஆம்பியர் என்பது அது வெளியே தருவது. உள்ளே 37 ஆம்பியர் மாதிரி இழுக்கும், வயரும் ஃப்யூஸும் அதற்குத் தகுந்த மாதிரி.

வயர்

இங்கேதான் பெரும்பாலான வண்டிகளில் வேலை கெட்டுப்போகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முன் பேட்டரியிலிருந்து பின் பேட்டரிக்கு 5 மீட்டர், ப்ளஸ்ஸும் மைனஸும் போக வர 10 மீட்டர் தாமிரம், 30 ஆம்பியர். 6 ஸ்கொயர் எம்எம் வயர் போட்டால் வழியிலேயே கிட்டத்தட்ட 0.9 வோல்ட் போய்விடும். 16 போட்டால் 0.33. 25 போட்டால் 0.21. ஆல்டர்னேட்டரில் 14.2 இருந்தும் 6 ஸ்கொயரில் பின்னால் 13.3 தான் போய்ச் சேரும். பேட்டரி நிரம்ப நிரம்ப ஆம்பியர் குறைந்து வோல்டேஜ் ஏறும் என்பது உண்மை, ஆனால் ஒரு மணி நேர மலை ஓட்டத்தில் அந்தக் கட்டம் வராது. தோட்டத்தில் நீளமான குழாயைச் சின்ன சைஸில் போட்டால் கடைசிச் செடிக்குத் தண்ணீர் சொட்டுமே, அதேதான். ரிலே போட்டால் 25, டிசி-டிசி போட்டால் 16, இதற்குக் குறைக்காதீர்கள். வீட்டு வயரிங்குக்குப் போடும் கெட்டி வயரும் அலுமினியமும் ஆகாது, அதிர்வில் ஒடியும். தாமிர வெல்டிங் கேபிள் நன்றாக வளையும், எங்கும் கிடைக்கும். வாங்கும்போது நுனியைச் சீவிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் தாமிரம் பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெள்ளீயம் பூசிய தாமிரமும் வெள்ளையாகத்தான் தெரியும், அதில் கத்தியால் சுரண்டினால் சிவப்பு வரும்.

லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையம்) அடிப்பதைச் சுத்தியலில் தட்டி முடிக்க விடாதீர்கள். சோலார் வேலை செய்கிறவர்களிடம் ஹைட்ராலிக் கிரிம்பர் இருக்கும், கேபிளை அளந்து வெட்டிக்கொண்டு போய் அடித்து வாங்கி வரலாம், மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுவிடுங்கள், மழைக்காலத்தில் வண்டிப்பெரியார் பக்கம் காற்றிலேயே ஈரம், திறந்த தாமிரம் பச்சை பூத்துவிடும். கேபிளை சேசிஸ் ஓரமாகக் கொண்டுபோங்கள், சைலன்சருக்கும் டீசல் குழாய்க்கும் தள்ளி, ஃபிளெக்சிபிள் பைப்புக்குள் விட்டு, ஒரு முழத்துக்கு ஒரு கிளாம்ப். தகட்டில் ஓட்டை போட்டுப் போகிற இடத்திலெல்லாம் ரப்பர் குரோமெட். இது இல்லாமல் விட்டால் தகட்டின் விளிம்பு கேபிளை மெல்ல மெல்ல அறுக்கும்.

மைனஸுக்குப் பாடி எர்த் போதாதா என்று கேட்பார்கள். புது வண்டியில் போதும். பழைய வண்டியில் துருப்பிடித்த இணைப்புகளைத் தாண்டி வர வேண்டும், எனவே மைனஸையும் தனிக் கேபிளாக இழுப்பதே நல்லது. இல்லையென்றால் சேசிஸில் பெயிண்ட் எல்லாம் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிகிற இடத்தில் நட்டு போல்ட்டோடு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

ஃப்யூஸ் இரண்டு வேண்டும், ஒன்றல்ல. அந்தக் கேபிளின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது; நடுவில் எங்கே ஷார்ட் ஆனாலும் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். ஒவ்வொரு பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்தும் ஒரு சாணுக்குள் ஒரு ஃப்யூஸ், போல்ட்டில் இறுக்குகிற வகை. 16 ஸ்கொயருக்கு 60 ஆம்பியர், 25-க்கு 100. ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை, அதனால் அளவு வயரைப் பார்த்துத்தான். அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃப்யூஸ் மாட்டுவது தீக்கு வழி. பின் பேட்டரியிலிருந்து ஒரு மெயின் சுவிட்ச், அதற்கப்புறம் ஃப்யூஸ் பாக்ஸ், அதிலிருந்து லைட்டுக்கும் ஃபேனுக்கும் 5, பம்புக்கு 10, ஃபிரிட்ஜுக்கு 15 என்று தனித்தனி லைன்.

வைக்கும் இடம்

ஆங்கிள் இரும்பில் தட்டு செய்து தரையின் குறுக்குச் சட்டத்தோடு போல்ட் போட்டு, மேலே பட்டையோ கம்பியோ குறுக்கே கட்டுங்கள். பிரேக் அடித்தால் 50 கிலோ பேட்டரி டிரைவர் முதுகுக்குத்தான் வரும். வெல்டிங் வைக்கும் முன் இரண்டு பேட்டரியின் மைனஸையும், ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் டயோடு போகும்.

டியூபுலர் என்றால் மூடி போட்ட பெட்டி, பெட்டியின் மேல் மூலையிலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு ஹோஸ். ஹைட்ரஜன் லேசானது, மேலே போகும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். கேஸ் சிலிண்டரோ நேர் எதிர், எல்பிஜி கனமானது, தரையில் தங்கும், அதற்கு ஓட்டை கீழே வேண்டும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கவே கூடாது, ரிலே, சுவிட்ச் என்று பொறி வரக்கூடிய எதுவும் அந்த இரண்டு பெட்டிக்குள்ளும் இருக்கக் கூடாது.

மாட்டும் வரிசை

முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கேபிள் எல்லாம் இழுத்து, ரிலேயோ சார்ஜரோ மாட்டி முடிக்கும்வரை இரண்டு ஃப்யூஸும் கையில் இருக்கட்டும். பின் பேட்டரிக்கு ப்ளஸ் முதலில், மைனஸ் அப்புறம், முன் பேட்டரி மைனஸ் அதற்கப்புறம், எல்லாம் சரியென்று மீட்டரில் பார்த்த பிறகு கடைசியாக ஃப்யூஸ்கள். கையில் மோதிரம், செம்புக் காப்பு இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள், ஸ்பேனருக்கும் பாடிக்கும் நடுவே மாட்டினால் விரல் வெந்துவிடும்.

எஞ்சினைப் போட்டுப் பின் பேட்டரியில் அளந்து பாருங்கள், முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் வேலை சுத்தம். டிசி-டிசி என்றால் இந்த ஒப்பீடு பொருந்தாது, அதன் உள்ளே வருகிற முனையில் 13-க்குக் குறையாமல் இருந்தால் சரி. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து ஒவ்வொரு லக்கையும் ஃப்யூஸ் ஹோல்டரையும் தொட்டுப் பாருங்கள், எது சுடுகிறதோ அங்கே கிரிம்போ இறுக்கமோ சரியில்லை. எஞ்சினை நிறுத்திச் சில நிமிஷத்தில் ரிலே பிரிகிற சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் உள்ளே ஃபேனைப் போட்டு வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கேளுங்கள்.

ராத்திரிக்கு ஒரு வோல்ட் மீட்டரைப் படுக்கை பக்கம் மாட்டுங்கள். லெட் ஆசிட், லோடு எதுவும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு 12.7 என்றால் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். ஃபேன் ஓடும்போது கொஞ்சம் குறைவாகவே காட்டும், பதற வேண்டாம். 11.8 அளவில் லோடைத் தானாக வெட்டிவிடும் கருவி ஒன்று போடுங்கள், தூக்கத்தில் யார் பார்ப்பது. லித்தியத்துக்கு வோல்டேஜை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ரொம்ப நேரம் 13.2-லேயே நின்றுவிட்டு 12.8-க்கு வரும்போது கிட்டத்தட்ட காலியாக இருக்கும், அதற்கு ஷன்ட் வைத்த, அதாவது உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியரைக் கணக்கெடுக்கும் மீட்டர்தான் சரி.

சோலார் பற்றி

கூரையில் 200 வாட் பேனல் போட்டால் தேனி, கம்பம் வெயிலில் நல்ல நாளில் 800 வாட் மணி வரை வரும், மேலே போட்ட கணக்கு அதிலேயே முடிந்துவிடும். ஆனால் அதை நம்பியே மலைக்குப் போகாதீர்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நம் பக்கம் காற்று மட்டும் வீசிக்கொண்டிருக்க, எல்லை தாண்டினால் பீர்மேடு, குட்டிக்கானம் எல்லாம் நாள் முழுக்க மஞ்சும் மழையும், கால்வாசிகூட வராத நாட்கள் வரிசையாக வரும். வெயில் அடித்தாலும் ஏலத்தோட்டத்தில் நிறுத்தினால் நிழல் மரம்தான் மேலே. பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே உற்பத்தி படுத்துவிடும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைப் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலர் எம்பிபிடி (பேனல் தரக்கூடிய அதிகபட்ச பவரை எடுக்கும்) வகையாக வாங்குங்கள், மாட்டும்போது பேட்டரியை முதலில் இணைத்துவிட்டு அப்புறம் பேனல், கழற்றும்போது பேனல் முதலில்.

இரண்டாவது பேட்டரிக்கு ஆர்டிஓ வரை போக வேண்டியிருக்காது, ஆனால் அதற்காக சீட்டை எடுப்பது, பாடியை வெட்டுவது, கூரையை உயர்த்துவது எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் வருகிறது, முன்அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். கேரளப் பக்கம் வாகன மாற்றத்தைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள், தாள்களைச் சரியாக வைத்துக்கொண்டு குமுளி ஏறுங்கள்.

முதல் மலைப் பயணம் முடிந்து வந்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள், அதிர்வில் தளர்ந்திருக்கும். டியூபுலருக்கு மாதம் ஒருமுறை தண்ணீர் மட்டம் பாருங்கள், டிஸ்டில்டு வாட்டர் மட்டும், ஆசிட் ஊற்ற வேண்டாம், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. வண்டி ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, லெட் ஆசிட் என்றால் முழுசாக நிரப்பி வையுங்கள், மாதம் ஒருமுறை சார்ஜரில் போடுங்கள். லித்தியம் என்றால் பாதிக்குச் சற்று மேல் வைத்து நிறுத்தினால் போதும்.